பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்தது

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் இங்கே சுகம்தான், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது குறை சொல்கிறது, நம் அட்டைப்பெட்டிப் பட்டறையும் குறைவில்லாமல் ஓடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதை ஆரம்பிக்கிறேன். உன் மாமனாரின் சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. அவர் எவ்வளவு சுகமாக இருக்கிறார் என்பதுதான் அம்மாவின் போனுக்கு வாரம் தவறாமல் போட்டோவாக வந்துகொண்டிருக்கிறதே. சோபாவில் உனக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையிலும் அந்த விளையாட்டுக் கருவியைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக.

போனில் பேசாமல் ஏன் கடிதம், அதுவும் ஏன் ஆபீஸ் விலாசத்துக்கு என்று நீ யோசிப்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் சம்பந்தி உள்ளே நுழைந்து, பட்டறை எப்படி, வேலை எப்படி என்று ஆரம்பித்துவிடுவார். அவரிடம் பேசி முடித்ததும் நீ அம்மாவிடம் கொடுங்கள் என்கிறாய். என் பங்கு அதோடு முடிந்தது. கடிதத்தை ஸ்பீக்கரில் போட முடியாது, அதனால்தான் இது. தயவுசெய்து வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சத்தமாகப் படித்துவிடாதே.

போன மாதம் நீ அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டாயாம். முன்கூட்டியே பணம் கட்டி இந்த டிவி விளையாட்டுகளின் கலெக்டர்ஸ் எடிஷன் என்கிற, பொம்மையும் புத்தகமும் வைத்த பெரிய பெட்டிகளை வாங்குவது வீண்செலவு என்றுதான் அப்பா இன்னும் நினைக்கிறாரா என்று. என்னிடமே கேட்டிருக்கலாம். அம்மா அதை என்னிடம் சொன்னபோது, வீண்செலவுதான், நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சொன்னதையே இப்போதும் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ஆனால் அது முழு உண்மையில்லை. ஏன் என்பதைக் கோர்வையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ அந்த விளக்குக்காரி விளையாட்டின் இரண்டாம் பாகத்தை வாங்கி, பெட்டியைப் பிரிக்கிற போட்டோவை அனுப்பினாய் அல்லவா, அதை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். மூழ்கிப்போன நகரத்தில் கையில் விளக்கோடு ஒரு பெண் போகிறாள், இன்னொருவர் படகைத் தள்ளுகிறார், இரண்டு பேர் சேர்ந்துதான் ஆட முடியும் என்று மாப்பிள்ளை விளக்கினார். எனக்குக் கதை முக்கியமில்லை, பெட்டியைத்தான் பார்த்தேன். தொழில் புத்தி எங்கே போகும். அந்தப் பெட்டியில் பாதிக்கு மேல் காற்று. பொம்மைக்கும் புத்தகத்துக்கும் வேண்டிய இடம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் பஞ்சு அட்டையை வைத்து நிரப்பிப் பெரிதாகக் காட்டியிருக்கிறார்கள். நானும் என் வாழ்நாளில் காற்றுக்குப் பெட்டி செய்து விற்றவன்தான், ஆனால் நீ கட்டியதுபோல் எட்டு மாதம் முன்னாலேயே எவனும் என் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்ததில்லை. அதைப் பார்த்து எனக்கு முதலில் வந்தது தொழில் பொறாமை. அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த இன்னொரு கை யாருடையது என்று பார்த்ததும் வந்தது வேறு பொறாமை.

அதற்குப் பிறகுதான் உன் மாமனார் என்னை போனில் கூப்பிட்டார். மூன்றாம் பாகம் வரப்போகிறது, பெரிய பெட்டிக்கு மருமகள் முன்பணம் கட்டிவிட்டாள் என்று உன்னைப் பற்றி என்னிடமே செய்தி சொன்னார். அதோடு விட்டாரா. "நம்ம பொண்ணு எனக்காகவே கட்டியிருக்கா சம்பந்தி, வெளியாகுற வாரம் முழுக்க லீவும் எழுதி வச்சுட்டா" என்றார். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். நம்ம பொண்ணாம். அந்த வாரம்தான் நீ அம்மாவிடம், இந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை, வர முடியாது என்று சொல்லியிருந்தாய். அம்மா, பாவம் என்ன வேலைப்பளுவோ என்று உனக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள். நான் சம்பந்தி சொன்னதை அவளிடம் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, மகளே. மறைக்க என்ன இருக்கிறது. வாழ்நாள் முழுக்க ரயில் ஓட்டியவர் அவர், இடது வலது திருப்பவே வேண்டியிராத வேலை, அவர் உன்னோடு சேர்ந்து சந்து பொந்தெல்லாம் படகு தள்ளுகிறாராம். அவருக்கு முன்பணம், அவருக்கு லீவு, எனக்கு ஸ்பீக்கர்.

சரி, இது எவ்வளவு பெரிய வீண்செலவு என்று ஆதாரத்தோடு உனக்கு எழுதிவிடுவோம் என்று முடிவு செய்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற விளையாட்டு டிஸ்க் கடைக்குப் போனேன். முன்பு செருப்புக்கடை இருந்த இடம், இப்போது கண்ணாடிக் கதவும் நீல விளக்குமாக இருக்கிறது. கடையில் இருக்கிற பெண்ணுக்கு உன் வயது இருக்கும். என் கேள்வியைக் கேட்டுவிட்டு நேர்மையாகத்தான் பதில் சொன்னாள். வெறும் விளையாட்டு என்றால் சில மாதம் பொறுத்தால் விலை இறங்கிவிடும், முதல் நாள் வருவதில் கோளாறும் இருக்கும், பிறகுதான் சரிசெய்வார்கள், துணியில் வரைபடம் என்று விளம்பரம் செய்துவிட்டுக் காகிதத்தில் கொடுத்தவர்களும் உண்டு, தேதியைத் தள்ளிக்கொண்டே போனவர்களும் உண்டு என்றாள். எனக்கு ஒரே குஷி. எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டேன். பிறகு அவள், "விளையாட வாங்குறீங்களா ஐயா, வச்சுப் பார்க்க வாங்குறீங்களா, அதைச் சொன்னா நான் சரியா சொல்லுவேன்" என்றாள். திருதிருவென்று விழித்தேன். ஒருத்தருக்குக் காட்டுவதற்கு என்று எப்படிச் சொல்வது. விளக்குக்காரி மூன்றாம் பாகத்துக்குத் தங்கள் கடைக்கு ஒதுக்கியதில் இரண்டு பெட்டிதான் பாக்கி என்றாள் அவள். இரண்டுதான் பாக்கி என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், குடோன் நிறைய அடுக்கி வைத்துக்கொண்டு. தெரிந்தும் விழுந்தேன். வீண்செலவுக்கு ஆதாரம் தேடிப் போனவன் முன்பணம் கட்டிய ரசீதோடு வெளியே வந்தேன்.

நீ உன் அறையில் விட்டுவிட்டுப் போன பழைய விளையாட்டு மெஷின் பரண்மேல் இருக்கிறது, அதிலேயே இது ஓடும் என்று அந்தப் பெண் உறுதி சொன்னாள். பெட்டி வந்ததும் யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொண்டு, சம்பந்தியைவிட நன்றாகப் படகு தள்ளிக் காட்டி, அதைப் போட்டோ எடுத்து அனுப்பி உங்கள் எல்லோர் முகத்திலும் ஈயாடாமல் செய்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். மெஷினைத் துடைத்து டிவியில் மாட்டினேன். அம்மா என்ன இது என்றாள், பட்டறைக்கு வந்த சாம்பிள் என்று சமாளித்தேன், அவள் நம்பவில்லை, ஆனால் கேட்கவுமில்லை. அதிலிருந்து காத்திருப்புதான். ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதே. அந்தக் காத்திருப்பு நன்றாக இருந்தது. காலையில் பட்டறையில் பசை காய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டே, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கடைப்பக்கம் வேலையே இல்லாமல் போய்விட்டு வருவேன். வெளியீடு தள்ளிப்போகிறது என்று அவள் சொன்ன அன்று எனக்கு அப்படி ஒரு எரிச்சல், பட்டறையில் எல்லோர் மேலும் விழுந்தேன். அன்றைக்கே சம்பந்தியும் கூப்பிட்டு, தள்ளிப்போய்விட்டது, கவலையில்லை, நீ லீவையும் அதற்கேற்ப மாற்றிவிட்டாய் என்றார். எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவதற்கென்றே ஒருவர்.

ஆனால் பெட்டிகள் மட்டும் முன்பே தயாராகிவிட்டதால் அவற்றைச் சொன்ன தேதியிலேயே அனுப்பிவிட்டார்கள். போன வாரம் என் கைக்கு வந்தது. உன் மாமனாருக்கு இன்னும் வரவில்லை என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன், அன்று மட்டும் நானே அவரைக் கூப்பிட்டு நெடுநேரம் அன்பாகப் பேசினேன். வீட்டில் பிரித்தால் அம்மா பார்ப்பாள் என்று பட்டறைக்கு எடுத்துப்போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெட்டுமேசைமேல் வைத்துப் பிரித்தேன், எல்லோரும் சுற்றி நின்றார்கள். என்னவோ சொன்னேனே, காற்று என்று, அது உண்மைதான், ஆனால் மகளே, பெட்டி அருமை. மூடியில் காந்தம் வைத்திருக்கிறார்கள், தானே இழுத்து மூடிக்கொள்கிறது, மூலையில் காகிதம் ஒட்டிய இடமே தெரியவில்லை. அந்த மூலையைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். நீ ஏன் எட்டு மாதம் காத்திருந்து இதை வாங்குகிறாய் என்பது உன் வாயிலிருந்து கேட்டுப் புரியாதது, அந்த மூலையைத் தொட்டபோது கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. உள்ளே விளக்குப் பிடித்த பொம்மை, துணியிலேயே அச்சடித்த வரைபடம், படப் புத்தகம், டிஸ்க் வைக்கிற ஒரு தகர உறை. உறையைத் திறந்தேன். டிஸ்க் இல்லை.

பஞ்சு அட்டையைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் இரகசிய அடுக்கு இருக்குமோ என்று தட்டிப் பார்த்தேன், புத்தகத்தை உதறினேன். கடையில் திருடிவிட்டார்கள் என்று கோபமாகக் கிளம்பிப் போய் அந்தப் பெண்ணிடம் சத்தம் போட்டேன். அவள் பெட்டியை மெதுவாகத் திருப்பி, பக்கவாட்டில் கீழே இருந்த சின்ன எழுத்தைக் காட்டினாள். விளையாட்டு இதில் சேராது, தனியே வாங்கிக்கொள்ளவும் என்று அச்சடித்திருந்தது. அவள் காட்டிய விளம்பரப் படத்திலும் அது இருந்ததாம், நான்தான் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி அசடு வழிந்திருப்பேன் என்று நீயே நினைத்துப் பார். பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பதே என் பிழைப்பு. இந்தப் பக்கம் மேலே, ஈரம் படாமல் வைக்கவும், இவ்வளவுக்கு மேல் அடுக்காதே என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவன், என் வீட்டுக்கு வந்த ஒரு பெட்டியைப் படிக்கவில்லை. பட்டறையில் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. ஒட்டுகிறவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், ஐயா பக்கவாட்டைப் பார்த்தீர்களா என்கிறார்.

ஆக உன் கேள்விக்கு என் பதில் இதுதான். விளையாட்டுக்காக என்றால் முன்பணம் கட்டாதே, பொறுத்து வாங்கு. பெட்டிக்காக என்றால் கட்டலாம், பெட்டி செய்தவன் உழைத்திருக்கிறான், நானே சான்று. நீங்கள் கட்டியதிலும் டிஸ்க் இருக்கிறதா என்று உடனே படித்துப் பார், இல்லையென்றால் உன் மாமனாரிடம் இப்போதே சொல்லாதே, அவரும் பிரித்துத் தேடட்டும், நான் மட்டும் ஏன் தேட வேண்டும்.

அந்தப் பெண் டிஸ்க்கைத் தனியாக எடுத்து வைக்கட்டுமா என்றாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். இது எல்லா நாட்டிலும் ஒரே நாளில்தான் வெளியாகும் என்று அவள் சொன்னாள். அப்படியென்றால் அன்றைக்கு இங்கேயும் கிடைக்கும், அதற்காக நீ அங்கேயே இருக்க வேண்டிய அவசியமில்லை. நீ எழுதி வைத்த அந்த லீவை மாற்றாதே, குறைக்காதே, அதே வாரம் இங்கே வா. வந்ததும் நாம் இருவரும் நடந்தே போய் டிஸ்க்கை வாங்கி அந்தத் தகர உறையில் நீயே மாட்டு. வேலை இருக்கிறது, முடியாது என்றால் என்னிடம் நேராகச் சொல், சம்பந்தி வாயால் நான் கேட்க வேண்டாம். முன்கூட்டியே கட்ட வேண்டியது டிக்கெட்டுக்குத்தான், இரண்டுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டு இன்றைக்கே கட்டு.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள், கண்ணுக்கு ஓய்வு கொடு. நீங்கள் இருவரும் நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும், அதுதான் எங்கள் ஆசி. உன் மாமனாரும் வருகிறேன் என்றால் வரட்டும், தடுக்கவில்லை, அவருக்கு ஜன்னலோர நாற்காலி போட்டுத் தருகிறேன், வசதியாக உட்கார்ந்து பார்க்கட்டும். ஆனால் முதல் ஆட்டத்தில் நீ விளக்கைப் பிடி, படகை நான் தள்ளுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா