சுவாதி பள்ளிக்குப் போகாத மூன்று நாட்கள்

ஆண்டிமடம்
அக்டோபர் 24

என் செல்ல மகள் சிவரஞ்சனிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அந்த வெயிலில் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் மாரியம்மனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன் பாதியிலேயே அறுந்துபோகிறது, அதனால்தான் எழுதி, அப்பாவை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அவருக்கு முட்டிவலி தேவலை, முந்திரிக்கொல்லைக்கு நடந்தே போய் வருகிறார்.

நீ படித்த நார்வேயில் வகுப்பில் பெண்கள்தான் அதிகம், இப்போது பாடம் நடத்தும் நைஜரில் பெரிய வகுப்புக்குப் போகப் போகப் பெண் பிள்ளைகளையே காணோம் என்று சொன்னாயே, அதை நினைத்துக்கொண்டே சத்துணவு போடும்போது ஒன்று கண்ணில் பட்டது. இங்கே பத்தாம் வகுப்பில் நின்றுபோவதெல்லாம் பையன்கள். நம் பக்கத்துத் தெரு காசிநாதனின் இரட்டைப் பிள்ளைகளில் சுவாதி தட்டோடு வருகிறாள், மணிமாறனை எட்டு நாளாகக் காணோம். காலாண்டுத் தேர்வில் கணக்கில் போய்விட்டதாம், காசிநாதன் அவனை முந்திரிக்கொட்டை உடைக்க அனுப்பிவிட்டானாம். அன்று சாயங்காலமே போய்க் கேட்டேன். "பொட்டப்புள்ளைக்குத்தான்க்கா படிப்பு வேணும், ஆம்பளப்புள்ள எங்க போனாலும் பொழச்சுக்குவான்" என்றான் காசிநாதன். "எம்பொண்ணு இருக்குற ஊர்ல பொண்ணுவள நிறுத்துறாங்க, நீ பையன நிறுத்துற, என்னடா வித்தியாசம்" என்று கேட்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், எனக்கும் கோபம், எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் சுவாதியும் வரவில்லை. எனக்குப் பகீரென்றது, நாம் வாயை வைத்து இருந்ததையும் கெடுத்துவிட்டோமோ என்று. அவள் அம்மா பச்சையம்மாள்தான் வந்து சொன்னாள், "தம்பி வர்ற வரைக்கும் நானும் போவல" என்று அந்தப் பெண் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, முந்திரி உடைக்கும் கொட்டகைக்குப் போய் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து கொட்டை உடைக்கிறாளாம். அப்பன் திட்டினான், கெஞ்சினான், ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் சோறு போட்டுக் கொடுக்கும்போது அவள் கையைப் பார்த்திருக்கிறான், கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடந்ததாம். அப்படியே தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டானாம். மறுநாள் காலையில் இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பள்ளிக்கூட வாசலில் இறக்கினான். என்னிடம் வந்து, "இவன் கையையும் இத்தன நாளா பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்க்கா, எனக்கு ஒண்ணும் தோணலியே" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மணிமாறனுக்கு இன்னும் கணக்கு என்றால் முகம் சுருங்கத்தான் செய்கிறது, கணக்கு சார் சாயங்காலம் தனியாக உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார். தேறிவிடுவான் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. நின்றுபோன இன்னும் நான்கு பையன்கள் வீட்டுக்கு நானும் அந்தச் சாரும் ஞாயிற்றுக்கிழமை போகப்போகிறோம். நீயும் தண்ணீரைக் காய்ச்சியே குடி, வேலை வேலை என்று சாப்பாட்டை விட்டுவிடாதே. ஒன்று மட்டும் மறக்காதே கண்ணு, பெண் பிள்ளை வரவில்லை என்று வீடு தேடிப் போனால் அப்பாவிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதே, அவளுடைய அண்ணன் தம்பி யார் என்று கேட்டு அவர்களையும் பார்த்துப் பேசு.

நீ நீண்ட ஆயுசோடு நிறைவாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்

உன் அம்மா
அமிர்தவல்லி தங்கசாமி