பதினோராம் பக்கத்துக் கொக்கு

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். கோவில்பத்து நிறுத்தத்தில் பேருந்து இருபது நிமிடம் தாமதம். நூலகத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்து இன்றோடு இரண்டு மாதம்.

தருமபுரம் வசந்தா மேடம் கொடுத்த இரண்டு பெட்டிப் புத்தகங்களைப் பதிவேட்டில் ஏற்றினேன். மேடத்துக்கு வங்கி வேலை. சின்ன வீட்டுக்கு மாறுகிறாராம், இடம் போதாதாம். வரும் சனிக்கிழமை கதை நேரத்தில் அவற்றில் ஒரு படப் புத்தகத்தை அவரே பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டப்போகிறார். சின்ன வயதில் அவர் அப்பா வாங்கித் தந்தது. உழவு மாட்டின் பின்னால் போகும் கொக்குகளின் கதை.

எல்லாவற்றுக்கும் முத்திரை. முதல் பக்கம், கடைசிப் பக்கம், பிறகு பதினொன்று. முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தன் புத்தகம் என்பவர்களைப் பிடிக்கத்தான் இந்தப் பதினொன்று. வெளியே சொல்லக் கூடாது. எழுத்தின் மேல் படாமல், வெறும் இடமாகப் பார்த்துக் குத்த வேண்டும் என்பது நூலகர் சாரின் விதி. விரலில் ஊதா மை இன்னும் போகவில்லை.

அக். 7, செவ்வாய்

வெயில். பேருந்தில் ஜன்னல் சீட். நாற்றங்கால் ஒரே பச்சை. நடுவில் ஒரு கொக்கு அசையாமல். பச்சையில் அந்த அளவுக்குக் கத்தரித்து எடுத்த மாதிரி. நேற்று முத்திரை குத்திய ஒரு வெள்ளை இடம் நினைவுக்கு வந்தது.

நூலகத்தில் பையைக்கூட வைக்காமல் மேடத்தின் படப் புத்தகத்தை எடுத்தேன். பதினோராம் பக்கம் முழுக்க நாற்றங்கால். வரப்போரம் ஒரு வெள்ளை இடம். மை படாமல் போன இடம் என்று நினைத்து அங்கேதான் குத்தியிருக்கிறேன். அது கொக்கு. கோடு இல்லை, கண் இல்லை. தாள்தான் கொக்கு. அதன் உடம்பில் இப்போது எங்கள் நூலகத்தின் பெயர், வட்டமாக.

சாரிடம் சொன்னேன். முத்திரை குத்தத்தானே உன்னை வைத்திருக்கிறது என்றார்.

இரவு அம்மாவிடம் போனில் படத்தைக் காட்டினேன். நடவுக்குப் போய் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "கொக்கு நிக்குது. அதும் முதுகுல என்னடி இது?" சொன்னேன். "மூணு வருசம் காலேஜு போன. கொக்கு தெரியலயா ஒனக்கு?" அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக். 8, புதன்

ஒயிட்னர் வாங்கினேன். வேறு தாளில் போட்டுப் பார்த்தேன். அது சுண்ணாம்பு வெள்ளை, புத்தகத்தின் தாள் வடிகஞ்சி நிறம். விட்டுவிட்டேன்.

மதியம் ஆள் இல்லை. புத்தகம் முழுவதையும் இன்றுதான் பார்த்தேன். திங்கட்கிழமை வெறும் இடத்தை மட்டும் தேடியிருக்கிறேன்.

- பச்சை, கறுப்பு. இரண்டே மை. மூன்றாவது நிறம் தாள்.
- மாட்டுக்கு முழங்காலுக்குக் கீழே வரையவே இல்லை. சேறும் வரையவில்லை. ஆனாலும் கால் புதைந்திருப்பது தெரிகிறது.
- பக். 5, மழை. சாய்ந்த கோடுகள் கொக்குகளின் மேல் வந்ததும் நின்றுவிடுகின்றன. அதனால் நனைந்தது போலவும் இருக்கிறது, நனையாதது போலவும்.
- உழுபவரின் முகம் எந்தப் பக்கத்திலும் இல்லை. முதுகு மட்டும். பின்னால் வரும் கொக்குக்கு அதுதானே தெரியும்.
- மற்றப் பக்கங்களில் கொக்குகளுக்குக் கறுப்பில் அலகு, கால் உண்டு. பதினொன்றில் இல்லை. கதையில் அங்கேதான் ஒரு கொக்கு கூட்டத்தைத் தவறவிட்டுத் தனியாக நிற்கிறது. வரைந்தவர் அதை இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் விட்டிருக்கிறார். மீதியை நான் செய்துவிட்டேன்.

வரைந்தவர் பெயர் எங்கும் அச்சாகவில்லை.

மேடத்தின் எண் பதிவேட்டில் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அக். 10, வெள்ளி

போன் செய்யவில்லை. மூன்று முறை எண்ணை எடுத்து வைத்தேன். நாளை அவர் வந்ததும், படிக்கும் முன், சொல்ல வேண்டியது: "மேடம், ஒரு தப்பு நடந்துடுச்சு." நடந்துடுச்சு இல்லை. பண்ணிட்டேன்.

அக். 11, சனி

நல்ல மழை. மேடம் தாமதமாக வந்தார். ஈரக் குடையை என் கையில் கொடுத்துவிட்டு நேரே பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்துவிட்டார். சொல்ல முடியவில்லை.

நன்றாகப் படித்தார். பாதி வரிகள் புத்தகத்தைப் பார்க்காமலே. பதினோராம் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். பட்டினச்சேரியிலிருந்து அத்தையோடு வரும் கயல் அது என்ன வட்டம் என்று கேட்டாள்.

"யாரு இங்க குத்துனது?"

சார் மின்விசிறியைப் பார்த்தார். நான் குடையோடு எழுந்து நின்றேன். "நான்தான் மேடம். வெறும் இடம்னு நெனச்சுட்டேன். கொக்குன்னு மறுநாள்தான் தெரிஞ்சுது." கடைசி வரிசைப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேடம் முத்திரையின் ஓரத்தை விரலால் ஒரு சுற்று தடவினார். பிறகு மீதியைப் படித்து முடித்தார், இந்த முறை வரிகளைப் பார்த்து.

பிள்ளைகள் கலைந்த பிறகு என் மேசைக்கு வந்தார். "திருப்பிக் கேட்டு வாங்கிட்டுப் போயிடலாம்னுதாம்மா வந்தேன். குடுத்த அன்னைக்கே மனசு கேக்கல. இப்ப முத்திரை விழுந்துருச்சே." கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

சாரிடம் போய்க் கேட்டேன். நானாக அவரிடம் ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. பதிவேட்டில் ஏறியதை எடுக்க முடியாது என்றார்.

திரும்பி வந்து, "நீங்க இங்க உறுப்பினரா மேடம்?" என்றேன். இல்லை. படிவம் கொடுத்தேன். நின்றபடியே எழுதினார். பின்னட்டையில் தேதிச் சீட்டு ஒட்டி முதல் வரியில், திருப்பித் தர வேண்டிய நாள், அக். 25 என்று குத்தினேன்.

"அதுக்கப்பறம்?"

"புதுப்பிச்சுக்கலாம் மேடம்."

"எத்தன தடவ?"

"வேற யாரும் கேக்காத வரைக்கும்."

கயல் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தனக்கு வேண்டும் என்றாள். முன்பதிவில் அவள் பெயரை எழுதினேன்.