டாட்டா சொல்லாத காரணம்

ஏங்க,

கோவத்துல சொல்லாம கிளம்பிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. நம்ம நாய்க்குட்டி துரை என் புதுச் செருப்பைக் குதறினதுக்கு நேத்து உங்களைத் திட்டினது திட்டினதுதான். அதைக் கீழே விட்டு வெச்சது நீங்கதானே. ஆனா இன்னிக்குக் காரணம் வேற. வெளிய போறப்ப குட்டிகிட்ட டாட்டா சொல்லக் கூடாது, திரும்பி வந்ததும் ஓடிப்போய்க் கொஞ்சக் கூடாது, அப்பதான் தனியா இருக்கப் பழகும்னு நாய் டாக்டர் சொன்னாங்க. துரை உங்க கால்மாட்டுல தூங்கிட்டிருந்தார். உங்களை எழுப்பினா அவரும் எழுந்து ஊரைக் கூட்டியிருப்பார். அதான் பழைய செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் பூனை மாதிரி நழுவிட்டேன்.

ஊறவெச்ச தீனி அடுப்பு மேடையில இருக்கு. தின்னு முடிச்ச கையோட புல்தரைக்குத் தூக்கிட்டு ஓடுங்க. நேத்து மாதிரி போன் பேசிட்டே நின்னா, பாயைக் கழுவுறது உங்க வேலை. சிணுங்கினா உடனே மடியில தூக்கி வெச்சுக்காதீங்க. "பாவம்மா"ன்னு என்கிட்ட வக்காலத்து வாங்கவும் வேணாம்.

சாயங்காலம் நான் வரும்போது, துரை குதிச்சு அடங்குற வரைக்கும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

பி.கு.: அந்தச் சட்டம் துரைக்கு மட்டும்தான். நீங்க வாசலுக்கு வரலாம்.