தூண்டில் முள்ளின் காது

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் கைடு. இன்றும் மீன் இல்லை.

கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் இந்த ஏரியில் சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்து தூண்டில் போடுகிறவர். கல்யாணமான புதிதில் என்னைப் படகில் உட்கார வைத்து, எந்தப் பாறைக்கடியில் எந்த மீன் பதுங்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டியவர். அந்த மனிதருக்கு இப்போது ஏரியைக் காட்ட ஒரு ஆள் வேண்டுமாம்! ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த ஆளுக்குக் கொடுக்கிற காசுக்கு நான் கடையில் மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் பேன்ட் மடித்துத் தைக்க வேண்டும்.

பிடித்தீர்களா என்றால் பிடித்தேன் என்கிறார். எங்கே என்றால் விட்டுவிட்டேன் என்கிறார். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது கைடு வைத்திருக்கிற சட்டமாம். பணத்தைத் தண்ணீரில் போடுவது என்று பேச்சுக்குத்தான் சொல்வோம். இவர் படகேறிப் போய் நிஜமாகவே போட்டுவிட்டு வருகிறார்.

மார்ச் 5, செவ்வாய்

வெளியூரில் இருக்கிற மகளிடம் போனில் சொல்லி அழுதேன். அவள் அப்பா பெண். "வாரமெல்லாம் ஸ்கூல் வேன் ஓட்டுறாரு, ஒரு நாள் நிம்மதியா இருக்கட்டுமேம்மா" என்றாள். சரி. எனக்கு அந்த ஒரு நாள் எங்கே? அதை யார் கேட்டார்கள்? போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

வாசலில் வேன் சும்மா நிற்கிறது. இவர் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் பஸ்ஸில் போகிறார்! கேட்டால் டீசல் மிச்சமாம். கைடுக்குக் கொட்டிக் கொடுப்பார், டீசலில் மிச்சம் பிடிப்பார். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ.

முன்பெல்லாம் சாயங்காலம் வேனில் ரயில்வே ஸ்டேஷன் சவாரி போய்க்கொண்டிருந்தார். அதுவும் நின்றாயிற்று. உடம்பு அசதியாம். ஏரிக்குப் போக மட்டும் அசதி இல்லை. அந்த ஆள் இவர் தலையில் நன்றாக மிளகாய் அரைக்கிறான், இவரும் தலையைக் குனிந்து கொடுக்கிறார்.

மார்ச் 14, வியாழன்

வேனின் இடது பக்கக் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. பிள்ளைகளை ஏற்றுகிற அடுக்குமாடியில் வாட்ச்மேன் கேட்டைப் பாதி மூடி வைத்திருந்தானாம். விடுவேனா? கடைக்குப் போகிற வழியில் நின்று கேட்டேன். கேட் முழுசாகத் திறந்துதான் இருந்தது என்று அவன் சாதித்தான். பொய் வேறா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 17, ஞாயிறு

கைடு. காசு. வெறுங்கை.

மார்ச் 20, புதன்

இன்று நேராகவே கேட்டேன். மீன் பிடிக்கப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஆள் எதற்கு? உங்களுக்குத் தெரியாத எதை அவன் காட்டிவிடுகிறான்? எவ்வளவு குடைந்தும் பிடி கொடுக்கவில்லை. கடைசியில், "அவன் இருந்தாத்தான் போவேன். இல்லன்னா தூண்டிலை உடைச்சுப் போட்டுடு" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கும் வீம்பு. வருகிற ஞாயிறு நானே போய் அந்த ஆளை ஒரு கை பார்க்கிறேன்.

மார்ச் 24, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

இவர் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் போனேன். படகுத்துறைச் சீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றேன். படகு கரையோரமாகவே கட்டிக் கிடந்தது. இவர் உள்ளே உட்கார்ந்திருந்தார், எதிரே அந்த கைடு. முப்பது வயசு இருக்கலாம், தொப்பி போட்டிருந்தான்.

இவர் ஒரு கையில் முள்ளையும் ஒரு கையில் தூண்டில் நரம்பையும் பிடித்து அப்படியே நீட்டினார். கோத்துப் பார்க்கக்கூட முயலவில்லை. அவன் வாங்கி, முள்ளின் காதில் நரம்பைக் கோத்து, முடிச்சுப் போட்டு, இவர் விரலைப் பிடித்து முள்முனை எந்தப் பக்கம் என்று தொட்டுக் காட்டிக் கொடுத்தான். தூண்டில் விழுந்தது. தண்ணீரில் சிவப்புத் தக்கை மிதந்தது. அவ்வளவு தூரத்தில் நின்ற எனக்கே பளிச்சென்று தெரிந்தது. அது முங்கியது. இவர் அதையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அவன் "இழுங்க" என்றான். அதற்கப்புறம்தான் இழுத்தார்.

பஸ். சாயங்காலச் சவாரி. உடைந்த கண்ணாடி. ஐயோ, அந்த வாட்ச்மேன் — அவன் சொன்னது நிஜம்தானே!

நாளைக்குக் காலையில் இந்த மனிதர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டப்போகிறார்.

இவர் டீ குடிக்க எழுந்து போனதும் அந்த ஆளிடம் போனேன். யார் என்று சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. இவர்தான் யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டாராம். பார்வை மங்கிவிட்டது, வேலையை எப்போதோ விட்டாயிற்று, வீட்டில் சும்மா இருக்கிறேன் என்றாராம்.

"சும்மாவா? ஸ்கூல் வேன் ஓட்டுறாரு" என்றேன்.

அவன் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "எனக்குத் தெரியாதுக்கா. என் பொண்ணும் ஸ்கூல் வேன்லதான் போகுது" என்றான். அவனைத் திட்ட வந்தவள் நான். இவர் வருவதற்குள் கிளம்பி வந்துவிட்டேன்.

எனக்கு ஒன்றுதான் ஆறவில்லை. ஊசியில் நூல் கோப்பதுதான் என் பிழைப்பு. விடிந்தால் அடைந்தால் அதே வேலை. ஒரே வீடு, ஒரே கூரை, தையல் மிஷினுக்குப் பக்கத்தில்தான் இவர் படுக்கிற கட்டில். இந்தா, கோத்துக் கொடு என்று என்னிடம் நீட்ட இவருக்குக் கை வரவில்லை. காசு கொடுத்து வேறொருத்தனிடம் நீட்டியிருக்கிறார்! வயிறு எரிகிறது.

வேன் சாவியை மிஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் போட்டுவிட்டேன்.

மார்ச் 25, திங்கள்

காலையில் சாவி மாட்டுகிற ஆணியைத் தடவினார். சாவி இல்லை. அலமாரியைத் தடவினார். தடவுகிறார், தடவுகிறார் — இதைக்கூடக் கவனிக்காமல் நான் இத்தனை நாள் என்ன பெண்டாட்டி? நேற்று ஏரிக்கு வந்திருந்தேன் என்றேன்.

"அந்த ரோடு என் காலுக்கே தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்" என்றார்.

"ரோடு தெரியும். குறுக்க ஒரு புள்ள ஓடி வந்தா தெரியுமா?"

கட்டிலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா சாவியை வாங்கிடுவ" என்றார். ஆமாம், வாங்கத்தான் செய்திருப்பேன்! பிறகு மெதுவாக, இன்ஜின் ரிப்பேர் என்று சொல்லிவிடச் சொன்னார்.

சொல்லவில்லை. ஒவ்வொரு நிறுத்தமாக நடந்து போய் உள்ளதைச் சொன்னேன். ஒரு அம்மா பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இன்னொருத்தி, "எனக்கு இருக்கறது ஒரே புள்ள, ஒரே புள்ள" என்று தெருவே பார்க்கக் கத்தினாள். கத்தட்டும். நானாக இருந்தால் அடித்தே இருப்பேன். வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

மார்ச் 26, செவ்வாய்

சோற்றைத் தட்டில் போட்டு ணங்கென்று வைத்தேன், சாப்பிட்டார்.

மார்ச் 28, வியாழன்

கண் ஆஸ்பத்திரி. சர்க்கரை நோய் கண்ணுக்குள் போய்விட்டதாம். இடது கண்ணில் நடுப் பார்வை போனது போனதுதான். வலது கண்ணில் ஊசி போட்டால் இருக்கிறதைக் காப்பாற்றலாம். முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று டாக்டரம்மா கேட்டார். இவர் சிமென்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன், அங்கேயே சத்தம் போட்டுவிட்டேன். நர்ஸ் வெளியே உட்காரச் சொன்னாள்.

கைடிடம் நீட்டிய கையை டாக்டரிடம் நீட்டியிருந்தால் ஒரு கண்ணாவது முழுசாக மிஞ்சியிருக்கும். நினைக்க நினைக்க ஆத்திரம் வருகிறது. நல்ல காசைக் கொடுத்து நோயை மூடி வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 6, சனி

வேனை வேறொரு டிரைவருக்கு வாடகைக்கு விட்டாயிற்று. பிள்ளைகள் பழைய பிள்ளைகளேதான், ஒன்றிரண்டு பேர் போய்விட்டார்கள். காலையில் தெருமுனையில் ஹாரன் கேட்டால் இவர் கட்டிலிலிருந்து எழுந்து உட்காருகிறார். அப்புறம் திரும்பப் படுத்துக்கொள்கிறார். எனக்குக் கோபமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

தூண்டில் பரணிலேயே கிடந்தது. பார்க்கப் பார்க்க எரிச்சல். கிளம்புங்க, நானே வருகிறேன், கைடும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்றேன். மறுபேச்சுப் பேசாமல் சட்டை போட்டுக்கொண்டார்.

படகு எடுக்கவில்லை, கரையிலேயே உட்கார்ந்தோம். ஒரு கையில் முள், ஒரு கையில் நரம்பு. கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு நான் இருந்த பக்கம் திரும்பி நீட்டினார்.

"கோத்துக் குடு."

கோத்தேன். ஒரே தடவையில். தையல்காரி முடிச்சு ஒன்று போட்டு இறுக்கிக் கொடுத்தேன். தக்கை முங்கியதும் இழுங்க என்று கத்தினேன், அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல கனமான மீன். தூண்டில் வில்லாக வளைந்தது, இவர் முகமே மாறிவிட்டது. அடுத்த நிமிஷம் நரம்பு வெறுமனே பறந்து வந்தது. நுனியில் முள் இல்லை. என் முடிச்சு வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

"அவன் போட்ட முடிச்சு ஒரு தடவைகூட அவிழ்ந்ததில்ல" என்றார் மகராசன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் போனிலிருந்து நம்பர் எடுத்து அந்த கைடைக் கூப்பிட்டேன். அடுத்த ஞாயிறு வர வேண்டும், அந்த முடிச்சை எனக்குச் சொல்லித்தர வேண்டும் என்றேன். அதற்கெல்லாம் காசு எதற்குக்கா என்றான். வேலைக்குக் கூலி வாங்கிக்கொள், இல்லையென்றால் வராதே என்றேன். பழைய ரேட்டையே பேசி முடித்தேன்.

கட்டிலில் இருந்து இவர் குரல் வருகிறது: "ஒரு முடிச்சுக்கு அவ்வளவு காசு தண்டமா குடுக்கணுமா?"

வாயை மூடிக்கொண்டு தூங்குங்க என்றேன்.