கடகடக்கும் இரண்டு கம்பங்கள்

சார்,

இன்று காலை படகை டிரெய்லரில் ஏற்றி, கொள்ளிடக் கரையிலிருந்து ஷெட்டுக்கு இழுத்து வந்தேன். டிரெய்லரின் பின்னால் நீங்கள் நிறுத்திய இரண்டு கம்பங்களும் வழிநெடுகக் கடகடத்தன. தெருவில் திரும்பிப் பார்க்காத ஆளே இல்லை. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. உங்களிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது.

நமக்கு ஒரே வயது. ஆனாலும் நான் உங்களை சார் என்பேன்; நீங்கள் என்னை முதலாளி என்பீர்கள். நாலு ஏக்கர் வாழைக்கு அது பெரிய பட்டம்தான். கைலாசபுரம் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து ஞாயிறுதோறும் வந்து என் பம்புசெட்டில் குளித்துவிட்டுப் போகும் உங்களை, வெள்ளத்துக்கென்று கரைக்காரர்கள் நாங்கள் வாங்கிய படகு வசமாகப் பிடித்துக்கொண்டது.

டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கினால் அது மூழ்கிவிடும். படகோட்டிக்கு எங்கே ஏற்றுவதென்று தெரியாது. இரண்டு பக்கமும் கம்பம் வேண்டும் என்றீர்கள். வாழைக்கு முட்டுக் கொடுக்கும் சவுக்குக் கம்பு கட்டு கட்டாகக் கிடக்கிறதே என்றேன். "வாழை சும்மா நிக்கும் முதலாளி, படகு வந்து இடிக்குமுங்க" என்று சிரித்தீர்கள். இரும்புக் குழாய் வாங்கினோம். தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க வெல்டிங் வைத்த மனிதர், அன்று வெல்டிங்கே வேண்டாம், கிளாம்ப் போட்டு முடுக்கினால் வேண்டியபோது நகர்த்தலாம் என்றது எனக்கு ஆச்சரியம். குழாயின் மேல் வெள்ளை பிளாஸ்டிக் பைப்பைத் தளர்வாகச் செருகி, "இது சுத்தணும், இறுக்கிடாதீங்க" என்றீர்கள். படகுக்கும் கம்பத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் விட்டீர்கள்.

உயரம் பார்த்த நாளைத்தான் மறக்க முடியவில்லை. சித்திரை வெயில், கொள்ளிடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆடுகள் மணலில் படுத்திருந்தன. கரைச் சுவரில் பழைய வெள்ளம் விட்டுப்போன கறை ஒன்று உண்டு. அந்த மட்டத்தில் டிராக்டரை நிறுத்தச் சொல்லி, டிரெய்லரைச் சரிவில் இறக்கினீர்கள். கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூபின் ஒரு முனையைக் கறையில் என்னைப் பிடிக்கச் சொன்னீர்கள். மறுமுனையோடு டிரெய்லரின் பின்னால் போய் நின்றீர்கள். டியூபில் தண்ணீர் ஆடி அடங்கியது.

"மார் வரைக்கும் வருது முதலாளி."

காய்ந்த மணலில், மாரளவு தண்ணீரில் நிற்கிறவரைப் போல மூச்சை இழுத்துக்கொண்டு நின்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பத்தில் அந்த இடத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து, அதற்கு மேலும் மூன்றடி விட்டீர்கள். கல்யாணப் பந்தலா என்று ஊரே கேட்டது. அந்த ஆடியில் ஆறு ஏமாற்றிவிட்டது. தையில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

இந்த ஆடியில் வந்தது சார். ஆற்று நடுத் திட்டிலிருக்கும் தோட்டத்தில் வாழைத்தார் வெட்ட, ஆறு ஆட்களோடு என் மனைவி போயிருந்தாள். அணையில் திறந்த தண்ணீர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. படகு போய் அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, கரைக்கு இருபது கஜத்தில் ஆகாயத்தாமரை சிக்கி இன்ஜின் நின்றது. துடுப்புதான். கரையைத் தவறவிட்டால் வெள்ளம் இழுத்துப்போய்க் கீழே பாலத்துத் தூணில் அடிக்கும்.

டிராக்டர் டயர் நனையும்வரை பின்னால் வந்து நிறுத்தினேன். டிரெய்லர் மறைந்தது. செந்தண்ணீரில் இரண்டு வெள்ளைக் கம்பங்கள் மட்டும் நின்றன. தண்ணீர் உங்கள் சிவப்புக் கோட்டை நக்கிக்கொண்டிருந்தது. அன்று நீங்கள் நின்ற இடம் அது.

"வெள்ளைக்கு நடுவுல விடு! நடுவுல விடு!" என்று கத்தினேன். படகு சாய்ந்து வந்து இடது கம்பத்தில் மோதியது. பைப் சுழன்றது. படகின் பக்கவாட்டு அதில் உருண்டு, மூக்கு உள்ளே திரும்பி, வந்து உட்கார்ந்தது. என் மனைவி கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கடகடச் சத்தம் காதைக் குடைகிறது, இறுக்குங்கள் என்று ஒரு வருஷமாக என்னைத் திட்டியவள் அவள்.

இன்று ஷெட்டுக்கு வந்த டிராக்டர் மெக்கானிக், "பைப் லூசா இருக்குங்க, ரெண்டு ஸ்க்ரூ அடிச்சிடவா?" என்றார்.

"அதுல கை வைக்காதீங்க. அது அப்படித்தான் இருக்கணும்" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

டியூபை ஷெட்டில் மாட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் வடிந்துவிட்டது. மணலில் இறங்கி நடக்கும்போதெல்லாம் என் கை தானாக மாருக்குப் போகிறது சார். நீங்கள் பார்த்த அந்த மட்டத்துக்குக் கீழேதான் நடந்துகொண்டிருக்கிறேன்.