பதினொரு நாள் குறைவு

செவ்வாய், நவம்பர் 4

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தை நான்கு முறை திறந்து பார்த்தாயிற்று. "சரிபார்ப்பில் உள்ளது." போன மாதமும் இதே இரண்டு சொற்கள்.

ஜெசிந்தாவுக்குப் பதிவு நம்பர் வந்துவிட்டது.

ஒரே ஏஜென்ட், ஒரே விமானம், ஒரே குளிர் நாடு, ஆறு வருடம் ஒரே அறை. டாக்டராகத் திரும்பி வந்தவர்கள் இங்கே எழுத வேண்டிய தேர்வில் இருவரும் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை சேர்ந்தே தேறினோம். ஒரே அரசு ஆஸ்பத்திரியில் ஒரு வருடப் பயிற்சி. நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பித்ததும் ஒரே நாளில். வரிசையில் அவள் எனக்குப் பின்னால் நின்றாள். பின்னால்.

"ஏய், வந்துடுச்சுடி! உனுக்கும் ரெண்டு நாள்ல வந்துரும் பாரு" என்று போனில் கத்தினாள். வாழ்த்துச் சொன்னேன். குரல் நன்றாகவே வந்தது. பிறகு இரண்டு தோசை சாப்பிட வேண்டியவள் ஐந்து சாப்பிட்டேன்.

கொடுத்த காகிதங்கள், ஞாபகத்துக்காக: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். வெளிநாட்டில் படிக்கத் தகுதி உண்டு என்ற சான்று. படித்ததற்குப் பட்டம். பட்டம் உண்மை என்பதற்குத் தூதரக முத்திரை. போனதற்கும் வந்ததற்கும் பாஸ்போர்ட் பக்கங்கள். தேர்வு தேறிய சான்று. தற்காலிகப் பதிவு. பயிற்சி முடித்த சான்று. எல்லாவற்றுக்கும் நகல் இரண்டு. நான் உயிரோடு இருப்பதற்கு மட்டும் சான்று கேட்கவில்லை. பதிவுக்கு அது தேவையில்லை போலும்.

வியாழன், நவ. 6

மழை விட்டது. ஜெசியின் கிளினிக்கைப் பார்க்கப் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சுங்குவார்சத்திரம் பஸ்ஸில் ஏறினேன்.

செல்போன் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் ஒரு ஷட்டர். போர்டு மாட்டியாயிற்று. பெயர் ஒரு வரி, பட்டம் ஒரு வரி, அடியில் பதிவு எண், சிவப்பில், பெயரைவிடப் பெரிதாக. ரசனை அவ்வளவுதான். நானாக இருந்தால் கறுப்பில் எழுதியிருப்பேன். அதே அளவில்.

ரப்பர் ஸ்டாம்பும் செய்துவிட்டாள். பழைய நோட்டு ஒன்று முழுக்கக் குத்திப் பார்த்திருக்கிறாள். "நீயும் ஒண்ணு குத்துடி" என்று கொடுத்தாள். குத்தினேன். நேராக விழுந்தது.

வெளியே பெஞ்சில் தென்மாவட்ட இளைஞர்கள் ஏழெட்டுப் பேர். கம்பெனியில் சேர உடல் தகுதிச் சான்று வேண்டும். ஒருவர் என்னைப் பார்த்து, "யக்கா, நீங்களும் டாக்டரா? ரெண்டு பேரும் பாத்தா சீக்கிரம் முடிஞ்சிருமுல்லா" என்றார்.

"அவ என்னவிட நல்லா பாப்பா. நம்பர்தான் இன்னும் வர்ல" என்றாள் ஜெசி.

"அப்பம் நீங்களே பாருங்க டாக்டர்" என்று அவர் அவள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழி வாங்க என்னிடம் ஒன்றுதான் இருந்தது. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கார் பம்பர் செய்யும் ஒரு கம்பெனி, மெடிக்கல் ரூமுக்கு டாக்டர் தேடுகிறது. நேர்முகம் முடிந்து என்னை எடுத்தும்விட்டார்கள். பகல் ஷிஃப்ட் மட்டும், வீட்டு வாசலில் கம்பெனி பஸ், மதியச் சாப்பாடு. ஹெச்ஆர் பெண்மணி வைத்த ஒரே நிபந்தனை: "பதினாலாம் தேதி வெள்ளிக்குள்ள நம்பரோட வாங்க மேடம். இல்லன்னா வேற ஆள் பாக்கச் சொல்லிட்டாங்க." நிபந்தனையை விட்டுவிட்டு மற்றதை ஜெசியிடம் சொன்னேன்.

"சூப்பர்டி. நைட் டூட்டியே இல்லாத வேல" என்றாள். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

வெள்ளி, நவ. 7

பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரியிலிருந்து கிளார்க் மோகன் அண்ணன் கூப்பிட்டார். "இன்னாம்மா, உனுக்கு பதினோரு நாள் கம்மியா கீது. கவுன்சில்லேந்து கேட்டாங்கோ. ரிஜிஸ்டர பாத்து எழுதி அனுப்பிட்டேன்."

ஓடினேன். சான்று கொடுத்தபோது யாரும் எண்ணவில்லை. கவுன்சில் கேட்ட பிறகு எண்ணியிருக்கிறார். வருகைப் பதிவேட்டில் மார்ச் மாதம். என் வரிசையில் பதினொரு கட்டங்கள் காலி. அதே பதினொரு நாளும் ஜெசியின் வரிசையில் அழகான கையெழுத்து. போட்டது நான்.

நடந்தது இது. ஜெசிக்கு மஞ்சள் காமாலை, இருபது நாள் படுக்கை. இருந்த விடுப்பை அண்ணன் கல்யாணத்தில் ஏற்கெனவே தீர்த்திருந்தாள். மேற்கொண்டு எடுத்தால் அத்தனை நாளும் பயிற்சி நீளும். அவள் அப்போது அவசரப் பிரிவில், நான் கண் வார்டில். கண் வார்டில் பயிற்சி மருத்துவருக்கு வேலை என்பது பெரிய டாக்டருக்குப் பின்னால் நிற்பது. யாரும் தலை எண்ண மாட்டார்கள். ஆகவே தினமும் காலையில் அலுவலகத்துக்கு ஓடி, அவள் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு, எட்டு மணிக்குள் அவசரப் பிரிவுக்கு ஓடி, அவள் வேலையைச் செய்தேன். இரண்டையும் சேர்த்துப் போட்டால் யார் கண்ணிலாவது படும்; எனக்கு மதியம் வந்து போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். ஒன்பது நாள் ஞாபகம் வந்தது. பதினொரு நாள் பசி வந்தது.

ஆக, அரசுப் பதிவேட்டின்படி அந்த நாட்களில் ஜெசிந்தா உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். நான் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தேன்.

"வர்லன்னு எழுதிக் குடுத்துட்டு பதினோரு நாள் செஞ்சிட்டுப் போம்மா" என்றார் மோகன் அண்ணன். "வந்தேன்னு சொன்னா, எங்க இருந்தேன்னு சூப்பிரண்டு கேப்பாரு."

"எமர்ஜென்சில இருந்தேண்ணே."

பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "அங்க இருந்தது அந்தப் பொண்ணாச்சே."

சனி, நவ. 8

வெயில். தலைக்குக் குளித்தேன்.

உண்மையைச் சொன்னால்: அவசரப் பிரிவு கேஸ் ஷீட்டுகளில் என் கையெழுத்து இருக்கிறது. அங்குள்ள சிஸ்டரும் சாட்சி சொல்வார். கையெழுத்துப் போட்டதற்குத் திட்டு விழும், ஆனால் என் நாட்கள் திரும்பி வரும். வெள்ளிக்குள் நம்பர், வேலை. ஜெசிக்கு இருபது நாள் குறையும். அவள் நம்பரை நிறுத்திவைப்பார்கள்.

சொல்லாவிட்டால்: பதினொரு நாள் மறுபடி வார்டு. வல்லம் வடகால் போச்சு.

இது நேர்மை சம்பந்தப்பட்ட விஷயம் என்று முடிவு செய்தேன். நேர்மை என்று நினைக்கும்போதெல்லாம் ஓர் ஆள் ஏணி போட்டு அந்த போர்டைக் கழற்றுவது கண்ணில் தெரிகிறது. நேர்மை மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுக்கும் என்று எந்த நீதி நூலிலும் படித்ததில்லை.

அப்பா ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "நம்பர் வந்துச்சாம்மா? லைன்ல எல்லாரும் கேக்கறாங்கோ."

அம்மா: "ஜெசி தெனம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிச்சாம். இவள கோயிலுக்கு இட்டுகினு போலாம்னா தலவலின்றா."

எல்லாவற்றையும் சொல்லிச் சூப்பிரண்டுக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். நல்ல நடை.

ஞாயிறு, நவ. 9

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜெசி வீட்டுக்குப் போனேன். நேராகச் சூப்பிரண்டிடம் கொடுத்திருக்கலாம். அவள் படிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நின்றபடி படித்தாள். இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கரெக்டாத்தான்டி எழுதிகிற" என்றாள்.

"கோவம் வர்லையா?"

"எனுக்காக ஓடினதுக்கு உன்மேல கோவப்படுவேனா? நீ இத குடுக்க வேணாம். நாளைக்கு பத்து மணிக்கு நானே வந்து சூப்பிரண்டுகிட்ட சொல்றேன். என் வாயால சொன்னாதான் நம்புவாரு."

"நம்பர் பூடும்டி."

"போனா போவுது. நான் செய்யாத வேலக்கி எனுக்கு எதுக்கு நம்பர்?"

பிறகு பிரியாணி போட்டாள். எனக்கு இரண்டு பீஸ் அதிகம் வைத்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நாளை பத்து மணிக்குப் பிறகு அவளிடம் நம்பர் இருக்காது. ஆனால் ஆஸ்பத்திரியில், அப்பாவின் லைனில், இந்தத் தெருவில், எல்லாரையும்விடச் சத்தமாக எங்கள் அம்மா வாயில், "அந்தப் பொண்ணு தானே போயி உண்மைய சொல்லிச்சாம்" என்று ஓடும். நான் யார்? அந்தக் கதையில் கள்ளக் கையெழுத்துப் போட்டவள். போர்டையாவது கழற்றலாம். இந்தப் பெயரை எந்த ஏணி போட்டுக் கழற்றுவது?

திங்கள், நவ. 10

எட்டரைக்கே ஆஸ்பத்திரி. வராந்தா துடைத்த ஈரம் காயவில்லை. குறிப்பிட்ட பதினொரு நாட்களும் நான் பணிக்கு வரவில்லை என்று எழுதிச் சூப்பிரண்டிடம் கொடுத்தேன்.

"காரணம்?"

"தலவலி சார்."

"பதினோரு நாளா?"

"ஆமா சார்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். ஒரு டாக்டரின் பார்வை. "நாளைலேந்து லேபர் வார்டு. இருபத்தொண்ணாம் தேதி முடியும். போ."

கம்பெனி சொன்ன வெள்ளிக்கு ஒரு வாரம் தள்ளி.

சரியாகப் பத்துக்கு ஜெசி வந்தாள். வெளுத்த முகம், இஸ்திரி போட்ட சுடிதார். கேன்டீனுக்கு இழுத்துப் போய்ச் சொன்னேன்.

"குடுத்துட்டியா? இன்னாடி இது! எப்டி சொல்றதுன்னு பஸ்ஸுல அழுதுகினே ரெடி பண்ணிக்கினு வந்தேன்."

"இப்ப நீ உள்ள போய் சொன்னா, நான் எழுதிக் குடுத்தது பொய்னு ஆயிடும். ரெண்டு பேருக்கும் நம்பர் கெடைக்காது. கம்முனு இரு."

அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "நீ எப்பவும் இப்டித்தான்டி. எல்லாத்துலயும் முந்திக்குவ."

நான்! எல்லாவற்றிலும்! நன்றி சொல்லும்போது ஒரு முகம் அப்படி இருக்காது. அது வேறு. எனக்கு அது நன்றாகத் தெரியும். கேன்டீன் டீ இவ்வளவு ருசியாக ஒருநாளும் இருந்ததில்லை.

பாதி டீயில் அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அந்த பம்பர் கம்பெனி எப்பக்குள்ள கேக்கறாங்கோ?"

"வர்ற வெள்ளி."

"அப்ப உனுக்கு ஆவாதுல்ல... நான் கேட்டுப் பாக்கட்டா? கிளினிக்க சாயந்தரம் தொறந்துக்குவேன்."

கேட்டதற்காக அவளை வெறுத்தேன். கேட்காமல் போய் வாங்கியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். அந்த வசதியையும் கொடுக்கவில்லை. "கேளு" என்றேன். ஹெச்ஆர் எண்ணையும் நானே அனுப்பினேன்.

மாலை ஆறு மணிக்கு மெசேஜ். கிடைத்துவிட்டதாம். புது வெள்ளைக் கோட்டு கொடுத்து, பாக்கெட்டுக்கு மேல் பெயரும் தைத்துத் தருவார்களாம். எந்தக் கலர் நூல் நல்லா இருக்கும் என்று என்னிடம் கேட்டிருக்கிறாள்.

வெள்ளை என்று பதில் போட்டேன்.