சுப்பாத்தாளைப் பத்தி உன் தம்பி சொன்னது

உடுமலைப்பேட்டை
திங்கள்கிழமை

அன்புள்ள மௌனிகா கண்ணுக்கு அம்மா எழுதறது. ஆண்டவர் புண்ணியத்துல அப்பாவும் நானும் உடம்புக்குக் குறையொண்ணும் இல்லாம இருக்கறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்துல நல்லபடியா இருக்கணும்னு தினமும் விடியால முழங்கால் போடறப்ப கேட்டுக்கறேன். ஃபோன் இருக்கறப்ப எதுக்குக் கடிதாசின்னு நினைப்பே. போன வாரம் நீ ரெண்டு தடவை கூப்பிட்டே, ரெண்டு தடவையும் சிக்னல் இல்லைன்னு பொய் சொல்லி வெச்சுட்டேன் கண்ணு. வாயைத் தொறந்தா அழுதுருவேன்னு பயமா இருந்துச்சு. எழுதறதுன்னா நடுவுல பேனாவை வெச்சுட்டு மூச்சு விட்டுக்கலாம், கண்ணைத் தொடச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். நம்ம சர்ச்சுல அது நடந்து இன்னையோட எட்டு நாள் ஆச்சு, எனக்குத் தூக்கமே இல்ல, அப்பாவும் சரியாச் சாப்பிடறதில்ல.

சுப்பாத்தாள் அக்காவை உனக்குத் தெரியாது. உன் தம்பி எஸ்றா இந்தச் சபைக்குப் பாஸ்டரா வந்து, நாங்களும் அவன்கூட சர்ச்சை ஒட்டின இந்த வீட்டுக்கு வந்தப்புறம் பழக்கமானவங்க. தேங்காய்க் களத்துல மட்டை உரிக்கற வேலை. முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்கு வந்து கதவோரமா உட்காருவாங்க, ஆனா ஞானஸ்நானம் எடுத்துக்கல. வீட்டுக்காரர் உசுரோட இருந்தப்ப அவர் ஒப்புக்கல, அவர் போனப்புறம் இப்பவாச்சும் எடுத்துக்கலாமில்லன்னு நான் கேட்டதுக்கு, செத்துப்போன மனுசன்கிட்டக் கேக்காம எப்படிங்க எடுக்கறதுன்னு சொல்லிட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, அதுக்கப்புறம் நான் கேக்கவே இல்ல. நம்ம ரூபிக்குப் பாப்பா ஒன்பதாம் மாசம் வயித்துக்குள்ளயே போனப்ப நீ ஃபோன்ல அழுதே, ஆனா அதுக்கப்புறம் இங்க நடந்ததை நான் உன்கிட்ட முழுசாச் சொன்னதில்ல. குழந்தை இல்லைன்னு பாலுக்குத் தெரியுமா. மூணாம் நாள் மார்ல பால் கட்டிக் காய்ச்சல் கொதிச்சுது. முப்பத்தி நாலு வருஷம் பெரியாஸ்பத்திரிப் பிரசவ வார்டுல நர்ஸா இருந்தவ நான், எத்தனை பேருக்குப் பார்த்திருப்பேன், சொந்த மருமகளைத் தொட எனக்குக் கை வரல. சுப்பாத்தாள் அக்காதான் களத்துக்குப் போறதுக்கு முன்னாடி தினமும் வந்து துணி நனைச்சுப் போட்டு, தலைக்கு ஊத்தி, சிக்கெடுத்துச் சீவி விட்டுட்டுப் போவாங்க. துக்கம் விசாரிக்க வந்த சபைக்காரங்க எல்லாரும் ஆண்டவர் சித்தம்னு சொல்லிட்டுப் போனாங்க. அவங்க ஒருத்தர்தான் அழுதுபோடு அம்மணின்னு சொல்லிட்டு, கூடவே உட்கார்ந்து தானும் அழுதாங்க. ரூபி எந்திரிச்சு நடமாடுனதே அவங்களாலதான்.

அவங்க போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை களத்துலயே மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே உசுரு போயிருச்சு. அவங்க முறைப்படி எரிச்சுட்டாங்க. மறுநாள் மகன் வெங்கடபதி வந்தார், தேங்காய் லாரி ஓட்டறவர், எங்க வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நின்னு, அம்மா முப்பது வருஷம் வந்த எடமுங்க, ஞாயித்துக்கிழமை அவங்க பேரைச் சொல்லி ஒரு ஜெபம் பண்ணிப்போடுங்க, நானும் வந்து உட்கார்ந்துக்கறேனுங்கன்னு கேட்டார். எஸ்றா சரிங்கன்னு தலையாட்டினான், நானும் அதை அத்தோட விட்டுட்டேன்.

உன் தம்பி இப்பக் கொஞ்ச மாசமா வேற மாதிரி ஆயிட்டான்னு உன்கிட்ட ஜாடையாச் சொல்லியிருக்கேன். எந்நேரமும் தடிதடியாப் புஸ்தகம், காதுல பிரசங்கம். உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே யார் யாருக்கு ரட்சிப்புன்னு கடவுள் குறிச்சு வெச்சுட்டார், அதுல ஒருத்தரைச் சேக்கறதோ எடுக்கறதோ நம்ம கையில இல்ல, நம்ம அழுகையாலயும் இல்ல நல்ல குணத்தாலயும் இல்லைன்னு அதையேதான் பேசுவான். முன்குறித்தல்னு அதுக்குப் பேரு, அப்படிக் குறிக்கப்பட்டவங்களைத் தெரிந்துகொள்ளப்பட்டவங்கன்னு சொல்வாங்க. நானும் அப்பாவும் சின்ன வயசுல கேட்ட உபதேசந்தான், புதுசொண்ணும் இல்ல, ஆனா அதைச் சொல்றவங்க பயந்து பணிஞ்சு சொல்லித்தான் கேட்டிருக்கோம். இவன் ஏதோ ஆத்துல போறவன் கட்டையைப் பிடிச்ச மாதிரி அதைப் பிடிச்சுட்டுத் தொங்கினான். ஏன்னு எனக்கு அப்பத் தெரியல.

ஞாயித்துக்கிழமை வெங்கடபதி வெள்ளை வேட்டி கட்டிட்டு வந்து அவங்கம்மா உட்கார்ற எடத்துலயே உட்கார்ந்தார். ஜெபம் வரும் வரும்னு பார்த்தா, உன் தம்பி பிரசங்கத்துல அந்தப் பேரை எடுத்தான். சுப்பாத்தாள் அக்கா நல்லவங்க, ஆனா நல்லவங்களா இருக்கறது தெரிந்துகொள்ளப்பட்டதுக்கு அடையாளம் ஆகாது, முப்பது வருஷம் கதவு வரைக்கும் வந்தும் ஒருத்தர் உள்ள வரலைன்னா கடவுள் அவங்களை அழைக்கலைன்னுதான் அர்த்தம், இதைச் சொல்றதுக்கு நாம கூச்சப்படக் கூடாதுன்னான். மௌனிகா, இவன் என் வயித்துல பொறந்தவன்தானான்னு அவன் மொகத்தையே பார்த்துட்டிருந்தேன். அப்பத்தான் ரூபி எந்திரிச்சா. சத்தம் போடல, அழவும் இல்ல. அவ கேட்டது ஒரே கேள்வி.

“அப்ப நம்ம பாப்பா?”

அவன் ஆறுதலா ஏதாச்சும் சொல்லியிருக்கலாம், அந்த உபதேசக்காரங்களே விசுவாசிங்களோட குழந்தைகளைப் பத்தி நம்பிக்கையாத்தான் பேசுவாங்கன்னு அப்பா பின்னாடி சொன்னார். இவன் புஸ்தகத்தையே பார்த்துட்டு, வேதத்துல வெளிப்படுத்தாததை நான் சொல்ல முடியாது, நீ உட்காருன்னுட்டான். பொண்டாட்டியை, அத்தனை பேர் முன்னாடி, உட்காருன்னு. அவ உட்காரல, நேரா வெளிய நடந்துட்டா. அவ பின்னாலயே வெங்கடபதியும் எந்திரிச்சார். நான் பதறிப்போய் வாசலுக்கு ஓடினேன், அந்த மனுசன் ஒரு கோவமான வார்த்தை பேசியிருந்தாக்கூட எனக்கு நல்லா இருந்திருக்கும். கையெடுத்துக் கும்பிட்டு, சரிங்கம்மா, வாரேனுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அந்த மரியாதையை நினைச்சா இப்பவும் உடம்பு கூசுது. ரூபி மத்தியானமே துணியை எடுத்து வெச்சுட்டு வால்பாறை பஸ் ஏறிட்டா, அவங்கப்பா எஸ்டேட் வீட்டுக்கு. நான் தடுக்கல. எந்த மூஞ்சியை வெச்சுட்டுத் தடுக்கறது.

மறுநாள் காலையில அவன் காப்பி குடிக்காம உட்கார்ந்திருந்தான். அப்பா பேப்பரை விரிச்சு வெச்சுட்டுப் படிக்காம இருந்தார். நான் கேட்டேன், எனக்கு உன்னளவு படிப்பில்லடா, ஒண்ணு மட்டும் சொல்லு, லாசரு செத்த எடத்துல இயேசப்பா அழுதாரே, இன்னும் கொஞ்ச நேரத்துல அவனை உசுரோட எழுப்பப் போறோம்னு தெரிஞ்சிருந்தும் எதுக்கு அழுதாருன்னு. அவனுக்கு அது சுலபமான கேள்வி. அவர் முழுக்கக் கடவுள், முழுக்க மனுசன், ரெண்டு சுபாவமும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம, பிரியாம ஒரே ஆள்ல இருக்குது, கடவுளா இருந்து அறிஞ்சாரு, மனுசனா இருந்து அழுதாருன்னு விளக்கினான். அப்ப அழுதது பாதி ஆளான்னேன். அப்படிச் சொல்லக் கூடாதும்மா, ஆள் ஒருத்தர்தான், பிரிக்கவே முடியாது, அதைப் பிரிச்சுப் பேசறதைத்தான் ஆதி காலத்துலயே சபை தள்ளி வெச்சுதுன்னான். எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்துச்சுன்னு தெரியல கண்ணு, அவனை ஜெயிக்கணும்னு கேக்கல, நிஜமாவே தெரியாமத்தான் கேட்டேன்.

“எல்லாத்தையும் முன்னாடியே குறிச்சு வெச்ச அவரே அழுதிருக்காரு. குறிச்சதைப் படிச்சுச் சொல்ல வந்த உனக்கு ஏண்டா அழுகை வரல?”

அப்புறம் சொன்னான் பாரு, அதுதான் ஞாயித்துக்கிழமையை விடப் பெரிய இடி. பாப்பா போறதுக்கு முந்தின நாள் அப்பாவும் நானும் கோயமுத்தூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அன்னைக்குக் காலையிலயே ரூபி, பாப்பா அசைவு கம்மியா இருக்குதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு இவன்கிட்டக் கேட்டிருக்கா. அன்னைக்கு இங்க சபையில மூணு நாள் ஜெபக் கூட்டத்தோட கடைசி நாள், இவன்தான் பேசணும். நாளைக்குப் போலாம்னு சொல்லிப்போட்டான். நாளைக்குப் போனப்ப இதயத் துடிப்பு இல்ல. அப்புறம் ரூபி, நான் முந்தின நாளே சொன்னேனேன்னு கேட்டதுக்கு, எனக்கு ஞாபகமே இல்லைன்னு சாதிச்சுட்டானாம். அவளும் யார்கிட்டயும் வாயைத் தொறக்கல. எட்டு மாசமா ஒரே வீட்டுல, ஒரே பானைச் சோத்தைச் சாப்பிட்டுட்டு, இதை ரெண்டு பேரும் வயித்துக்குள்ள வெச்சிருக்காங்க, நர்ஸுன்னு பேரு வாங்கின எனக்குத் தெரியல. அவன் சொன்னதை அப்படியே எழுதறேன். எல்லாம் முன்னமே குறிச்சதுன்னா நான் ஒரு நாள் தள்ளினதால ஒண்ணும் மாறியிருக்காதில்லம்மா, சுப்பாத்தாள் அக்காவுக்கு ஒரு எடம் இருக்கலாம்னு ஒத்துக்கிட்டா, குறிச்சதைப் பத்தி எனக்குச் சரியாத் தெரியாதுன்னு ஆயிருமே, அப்ப நான் எதைப் பிடிச்சுட்டு நிக்கறதுன்னான். சொல்லிட்டு மேஜையில தலையை வெச்சு அழுதான். சின்னதுல காய்ச்சல் வந்தப்பக்கூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்ல. அப்பா எந்திரிச்சுப் போய் அவன் முதுகுல கையை வெச்சுட்டு நின்னார்.

அந்த ஒரு நாள்ல போயிருந்தா பாப்பா பொழைச்சிருக்குமாம்மான்னு என்னைக் கேட்டான். இல்லைன்னு சொல்லிட்டா அவனுக்கு ஆறிடும். எத்தனையோ அப்பன்மாருக்கு வார்டுல அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கேன். அவன்கிட்ட வரல. பொழைச்சிருக்கலாம், பொழைக்காமயும் போயிருக்கலாம், எனக்குத் தெரியாது சாமின்னேன். தப்பாச் சொல்லிட்டனோன்னு அப்பாகிட்ட இன்னைக்கு வரைக்கும் கேட்டுட்டிருக்கேன்.

செவ்வாய்க்கிழமை அவன் களத்துக்கே போய் வெங்கடபதியைப் பார்த்தான். என்ன பேசினான்னு கேக்கல, அவர் டீ வாங்கிக் குடுத்தாராம், ஆனா சர்ச்சுக்கு மறுபடி வாரேன்னு சொல்லலையாம். புதன்கிழமை வால்பாறைக்குப் போனான். ரெண்டு நாள் ஒரு தகவலும் இல்ல, வழியெல்லாம் கொண்டையூசி வளைவு, மழை வேற, எனக்குக் கண்டதும் தோணுச்சு. வெள்ளிக்கிழமை ரூபியே கூப்பிட்டா. வந்தாருங்க அத்தை, நான் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்துச்சுன்னு எங்கப்பா அம்மா முன்னாடியே ஒத்துக்கிட்டாருங்கன்னா. அப்புறம் என்னாச்சுன்னு கேட்டேன். சோறு போட்டேனுங்க அத்தை, மன்னிச்சனான்னு கேட்டா எனக்குத் தெரியலைங்கன்னா. அது போதும் சாமி, அதுக்கு மேல யாரும் உன்னைக் கேக்கக் கூடாதுன்னு சொன்னேன். இன்னும் ரெண்டு பேரும் அங்கதான் இருக்காங்க. நேத்து இங்க பாஸ்டர் இல்லாத ஆராதனை. அப்பாதான் வேதம் வாசிச்சார், கடைசியில சுப்பாத்தாள்ங்கற பேரைச் சொல்லி நன்றி செலுத்தி ஜெபம் பண்ணினார். ரெண்டு குடும்பம் பாதியில எந்திரிச்சுப் போனாங்க. எஸ்றாவுக்கு இந்தச் சபை இருக்குமான்னு தெரியல, இல்லாட்டிப் போகுது.

புஸ்தகத்துல இருக்கறது தப்புன்னு சொல்ற அளவுக்கு நான் படிச்சவ இல்ல கண்ணு. கடவுள் எதைக் குறிச்சிருக்காருன்னு அவருக்குத்தான் தெரியும், அதை நான் நம்பறேன், அவரே வந்து அழுதாருங்கறதையும் நம்பறேன், ரெண்டையும் எப்படிச் சேக்கறதுன்னு எனக்குத் தெரியல. ஆனா இந்த எட்டு நாளா என்னைத் தூங்க விடாதது அது இல்ல. தெரிந்துகொள்ளப்படலைங்கற வார்த்தையை நம்ம குடும்பத்துல மொதல்ல சொன்னது எஸ்றா இல்ல. ஆறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம விசுவாசத்துல இல்லாத ஒருத்தரைக் கட்டிக்கறேன்னு நீ சொன்ன அன்னைக்கு, பொட்டியோட நின்ன உன்னைப் பார்த்து, நீ எங்களுக்குப் பொறந்தாலும் தெரிந்துகொள்ளப்பட்டவ இல்லைன்னு நாந்தான் சொன்னேன். உன் தம்பி அன்னைக்குக் கதவுகிட்ட நின்னு கேட்டுட்டிருந்தான். நீ திருப்பி ஒரு வார்த்தை சொல்லல, ஊருக்குப் போனதும் நீயாத்தான் மொதல்ல ஃபோன் பண்ணினே, நானும் ஒண்ணும் நடக்காத மாதிரி சாப்பிட்டியான்னு கேட்டேன். அப்படியே ஆறு வருஷம் ஓடிருச்சு. ஒரு தடவைகூட மாப்பிள்ளையை ஃபோன்ல கூப்பிடச் சொல்லல, அவர் பேரை என் வாயால சொன்னதில்ல. என்னை மன்னிச்சுக்கோன்னு கேக்கறேன் கண்ணு. உடனே சொல்லணும்னு இல்ல, ரூபி மாதிரி தெரியலைன்னு சொன்னாக்கூட எனக்குச் சரி.

வர்ற சனிக்கிழமை அப்பாவும் நானும் கொடுமுடிக்குப் போறோம், உன் மாமியாரைப் பார்க்க. முகவரி நீ கல்யாணப் பத்திரிகையில அனுப்பினது என் பைபிள் உறைக்குள்ளதான் இருக்குது. அவங்க வாசல்ல நிக்க வெச்சே அனுப்பினாலும் அது நியாயந்தான். அவங்களை நான் எப்படிக் கூப்பிட்டா நல்லா இருக்கும், சக்கரை இருக்குதா, பழம் வாங்கிட்டுப் போனாப் பரவாயில்லையான்னு கிருபாசங்கர்கிட்டக் கேட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு. கடிதாசி அதுக்குள்ள வந்து சேராதுன்னு அப்பா சொல்றார், அதனால ஒவ்வொரு பக்கமா ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்லயும் அனுப்பச் சொல்லியிருக்கேன், எழுத்துக் கோணலா இருந்தாப் பொறுத்துப் படி. குளிருக்குக் காதை மூடிக்கோ, வெறும் வயித்துல வேலைக்குப் போகாதே. கர்த்தர் உன்னையும் கிருபாசங்கரையும் ஒரே கையால ஆசீர்வதிச்சு, ஒரே கூரைக்குக் கீழ காக்கட்டும்.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கிற
அம்மா
தெபோராள்